பெரட்டுக்கு முன் கால் மணி நேரம்

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலை நாலரை மணிக்கே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ரொட்டி தட்ட வேண்டும், சம்பல் அரைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓட வேண்டும். இந்த ஓட்டத்துக்கு நடுவே கத்தோலிக்கர் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு குரல் கேட்கிறது. அடுப்படித் திட்டில் சாய்த்து வைத்த போனிலிருந்து அன்றைய நற்செய்தி ஒலிக்கிறது. அதைத் தொடர்ந்து மூன்று நிமிடச் சிந்தனை, ஒரு குட்டிக்கதை, முடிவில் ஒரு செபம். வட்ஸ்அப் குழுவில் இரவே வந்து சேர்ந்துவிடும் குரல் அது. பேசுகிறவர் திருச்சியில் இருக்கலாம், தூத்துக்குடியில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம்.

படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்களுக்கும், வளைகுடா நாடுகளில் அடுத்தவர் வீட்டில் வேலை செய்யும் நம் தாய்மாருக்கும் அந்தக் குரல் பெரிய துணை என்று சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மைதான். ஆனால் இறைவனோடு நெருங்குவது என்பதையே அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கிவிட்டோமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஒருவர் தியானித்ததைக் கேட்டுக்கொள்வதும் நாமே தியானிப்பதும் ஒன்றாகிவிடாது. பசித்தவர் தாமே உண்ண வேண்டும்.

தாமே தியானிக்கும் பழக்கம் நழுவுவது மலையகக் கத்தோலிக்கர்களுக்குச் சாதாரண இழப்பில்லை. ஏனென்றால் இங்கே விசுவாசம் பெரும்பாலும் குருவானவர் பக்கத்தில் இல்லாமலே வளர்ந்தது. கண்டி மறைமாவட்டம் 1886இல் உருவானது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்று மாவட்டங்களும் அதற்குள் அடக்கம். மலைக்கு மலை சிதறிக் கிடக்கும் தோட்டங்களுக்கு ஒரு பங்குத்தந்தை எத்தனை தடவை வர முடியும்? டயகம, ஹோல்புரூக், டொரிங்டன், வேவர்லி என்று இந்தப் பக்கத்து வீதிகளில் மழைக்காலத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பூசை எப்போதாவது வரும். மற்ற ஞாயிறுகளில் செபமாலை, நற்செய்தி வாசிப்பு, பாட்டு எல்லாவற்றையும் தோட்டத்தாரே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கவும், சாவீட்டில் செபம் சொல்லவும் உபதேசியார் ஒருவர் தோட்டம் விட்டுத் தோட்டம் நடந்தார். அவரும் இல்லாத இடத்தில் பக்தியான ஒரு பாட்டி அந்த வேலையைச் செய்தார். பக்கத்து வீட்டில் மாரியம்மனுக்கு விளக்கேற்றும் நேரத்தில் இந்த வீட்டில் அந்தோனியார் படத்தின் முன் மெழுகுதிரி எரியும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு வாசலிலும் நிற்பார்கள்.

குரு பக்கத்தில் இல்லாமல் விசுவாசத்தைக் காப்பது இந்த நாட்டுத் திருச்சபைக்கே பழைய பழக்கம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கத்தோலிக்கர் குருக்கள் இல்லாமல் தவித்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஒரு கூலிக்காரர் வேடத்தில் வந்து இறங்கினார் யோசப் வாஸ் அடிகளார். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் அடைத்தார்கள். அதே கண்டியில் 1697இல் அம்மை நோய் பரவியபோது, எல்லாரும் கைவிட்ட நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றிப் பணிவிடை செய்தவர் அவர். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவருடைய அற்புதங்களை நாம் நிறையப் பேசுகிறோம். அவர் வேலை செய்த முறையைப் பேசுவது குறைவு. ஒரு குரு ஊர் ஊராகப் போய்த் திரும்ப மாதங்களாகும், சில வேளை வருடமாகும். அந்த இடைவெளியில் சபையைத் தாங்கியவர்கள் மூப்பர், அண்ணாவி போன்ற பொதுநிலையினர்தான்.

அவர்கள் கையில் எதைக் கொடுப்பது? 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அதற்காகவே சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். நற்செய்திக்கு விளக்கமான ‘சுவிசேட விரித்துரை’ அவர் தமிழுக்குத் தந்தது. பாடுகளைச் சொல்லும் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இன்றைக்கும் வடக்குப் பகுதிக் கோவில்களில் ராகத்தோடு படிக்கப்படுகிறது. நம் மண்ணின் முதல் ‘தினசரிச் சிந்தனை’ இதுதான் என்பேன். இதுவும் வேறொருவர் எழுதியதுதானே என்று கேட்கலாம். எழுதியவர் வேறொருவர்தான். ஆனால் படித்தவர் அந்த ஊர் அண்ணாவி, கேட்டவர்கள் அவரை அறிந்த சனங்கள். படித்து முடித்ததும் யாரும் அடுத்த செய்திக்கு விரலைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. கூடியிருந்து அழுதார்கள், செபித்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள்.

இன்றைய வாசகங்களின் ஒழுங்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969இல் வந்த வாசக முறைப்படி ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. பொதுக்கால வாரநாட்களின் முதல் வாசகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது; நற்செய்தி ஒவ்வொரு வருடமும் அதே ஒழுங்கில் வருகிறது. பொதுக்காலத்தின் முதல் ஒன்பது வாரம் மாற்கு, பிறகு இருபத்தோராம் வாரம் வரை மத்தேயு, அதன் பிறகு லூக்கா. நாள்தோறும் திருவிவிலியத்தைத் திறக்கிற குடும்பம் ஒரே வருடத்தில் இந்த மூன்று நற்செய்திகளின் பெரும்பகுதியையும் வரிசையாக வாசித்துவிடும். அடுத்த வருடம் அதே மலைக்குத் திரும்பக் கொழுந்தெடுக்கப் போவதைப்போல அதே பகுதிக்குத் திரும்பி வரும். இடையில் வீட்டில் ஒரு சாவோ ஒரு பிறப்போ நடந்திருக்கும், அதே வரி வேறு விதமாகப் பேசும். மூன்று நிமிடக் குரலோ ஒரு வரியைக் கிள்ளி எடுத்து அதன்மேல் ஒரு கதையைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. நேற்று இயேசு எங்கே இருந்தார், இன்று எங்கே போகிறார் என்ற தொடர்ச்சி கேட்கிறவருக்குக் கிடைப்பதில்லை.

உதாரணத்துக்குத் திராட்சைத் தோட்ட உவமையையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு இருபதாம் அதிகாரம். பொதுக்காலம் இருபதாம் வாரம் புதன்கிழமை வரும், பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில். தோட்டக்காரர் விடியலில் ஆட்களைக் கூப்பிடுகிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேச்சு. ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக மாலை ஐந்துக்கும் போய் ஆட்களைக் கூட்டி வருகிறார். சம்பளம் போடும்போது கடைசியில் வந்தவருக்கும் முழு நாள் கூலி. வெயிலில் வெந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கு நகரத்துச் சிந்தனைகள் பலவும் சொல்வது இறைவனின் தாராளம், நம் பொறாமை, அவ்வளவுதான். தவறான விளக்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அக்கரப்பத்தனையில் இதே உவமை வேறு இடத்தில் குத்த வேண்டும். இங்கே பெரட்டு என்றால் என்ன, முழு நாள் கூலியான பேர் என்றால் என்ன, பாதிக் கூலியான அரைப்பேர் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாயானது, 2024இல் 1350 ரூபாயானது. இருந்தும் கிலோ குறைந்தால் அந்த முழுத் தொகை கைக்கு வராது என்பது நிறுவைக்கு நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். மழை பெய்து கொழுந்து கிடைக்காத நாளில் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பிய பெண் இந்த உவமையைக் கேட்டால் என்ன நினைப்பார்? அந்தத் தோட்டக்காரர் நம் தொரையைப் போன்றவரா, முற்றிலும் வேறா? மாலை ஐந்து மணிவரை யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் நின்றவர்கள் யார்? கைக்காசுக்கு மட்டும் கூப்பிடப்படுகிறவர்களா, வயதாகிவிட்டது என்று நிற்பாட்டப்பட்டவர்களா? பிள்ளைகளின் பசிக்கு அளவு போடாமல் கூலி கொடுக்கும் ஒரு தலைவரை இறைவன் என்று சொல்கிறார் இயேசு. அது நமக்கு ஆறுதலா, நம் முறுமுறுப்புக்குக் கண்டனமா, அநியாயமாகப் பேர் வெட்டுகிறவர்களுக்கு எச்சரிக்கையா?

இந்தக் கேள்விகளை வெளியிலிருந்து ஒரு போதகர் கேட்க முடியாது. பெரட்டில் நின்றவர்தான் கேட்க முடியும். கேட்டு, அந்தக் கேள்வியோடேயே இறைவனிடம் போய்ப் பேசுவதுதான் நெருக்கம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ வாசிப்பு, தியானம், செபம், இறைவனில் இளைப்பாறுதல் என்று நான்கு படிகளாக எழுதி வைத்தது இந்த வழியைத்தான். துறவிகளுக்காக எழுதப்பட்டதால் நமக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தின் சமையலறையில் பாத்திரம் தேய்த்த லோரன்ஸ் சகோதரர் அடுப்படியிலேயே இறைவனோடு பேசிப் பழகினார். கால் மணி நேரம் போதும். வாசகத்தைச் சத்தமாக ஒரு தடவை, மெதுவாக இன்னொரு தடவை படிப்பது. எந்தச் சொல் மனதில் தங்கியதோ அதைப் பிடித்துக்கொண்டு மலையேறுவது. கொழுந்தெடுக்கும் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மனதுக்கு எட்டு மணி நேரம் இருக்கிறது. இவ்வளவு நீண்ட மௌனம் நகரத்து அலுவலகக்காரருக்குக் கிடைக்காது. மாலையில் லயத்துக்குத் திரும்பியதும், அன்று எங்கே இறைவன் நம்மைத் தொட்டார், எங்கே அவரைத் தள்ளிவிட்டோம் என்று புனித இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்தபடி திரும்பிப் பார்ப்பது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சட்டைப்பையில் ஒரு சின்ன நற்செய்திப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 

வேதப் பகுதியைச் சொந்த வாழ்வோடு வைத்துப் பார்ப்பதற்கு நம் பக்கத்துப் புனிதர் ஒருவரின் வாழ்வும் சான்று. கன்னியாகுமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளை சொத்தும் கால்நடையும் இழந்து கலங்கி நின்றபோது, திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டச்சுக் கம்பெனியின் முன்னாள் அதிகாரி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். இருவருமே குருக்கள் இல்லை. ஒருவரின் இழப்புக்குப் பக்கத்தில் ஒரு வேதாகமப் பகுதி வைக்கப்பட்டது, அவ்வளவுதான் நடந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, 1752இல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் துப்பாக்கிச் சூட்டில் மரணம், 2022 மே 15இல் புனிதர் பட்டம். அன்று டி லனாய் ஒரு பொதுவான நல்வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால்? எதிரே இருந்தவரின் துக்கம் தெரிந்து பேசியதால்தான் யோபு அவருக்குள் இறங்கினார்.

என் கவலையெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. எதிரே இருக்கிறவரின் துக்கம் தெரிந்து பேசக்கூடியவர்கள் தோட்டத்தில் குறைந்துகொண்டே போகிறார்கள். இளைஞர்கள் கொழும்புக்குக் கடைவேலைக்கும் உணவகத்துக்கும் போய்விட்டார்கள். தாய்மார் பலர் வெளிநாட்டில். வீட்டில் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளைகளும். முன்பு மாலை செபத்தைத் தொடங்கிய பாட்டி இப்போது, ‘பாதர் போனில நல்லா சொல்றாரே, நான் என்னத்தச் சொல்ல’ என்று ஒதுங்கிக்கொள்கிற நிலை. அழகான குரலும் தெளிவான உச்சரிப்பும் இல்லாத தன் செபம் மட்டமானது என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். தனக்கு வேதம் தெரியாது என்று நினைக்கும் அந்தப் பாட்டிதான், மலையகத்தார் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அண்ணன் தம்பிகளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு நின்றவர். விடுதலைப்பயண நூலை வாசித்தால் அவருக்குச் சொல்ல எவ்வளவு இருக்கும்! அவர் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பேரப்பிள்ளை இறைவனைப் பற்றித் தன் சொந்தச் சொல்லில் ஒருவர் பேசுவதைக் கேட்காமலே வளர்ந்துவிடும். உறுதிபூசுதல் வகுப்பில் வினாவிடை ஒப்புவிக்கும், போனில் வரும் பூப்போட்ட வசனங்களைப் பத்துப் பேருக்கு அனுப்பும். சாவீட்டில் நின்று நாலு வார்த்தை செபிக்கச் சொன்னால் திகைக்கும். இப்போதே பல இடங்களில் சாவீட்டுச் செபத்துக்கு ஒலிப்பதிவைப் போட்டுவிடுகிறார்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் திராட்சைத் தோட்ட உவமை வரும் அந்தப் புதன்கிழமை, வேலை முடிந்து தோட்டக் கோவிலில் கூடட்டும். நற்செய்தியை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். விளக்கம் சொல்லப் பாதரும் வேண்டாம், போனும் வேண்டாம். அந்த வாரம் அரைப்பேர் வாங்கிய ஒருவர் எழுந்து, இந்த உவமை தனக்கு என்ன சொல்கிறது என்று சொல்லட்டும். அடுத்து ஒரு கங்காணி சொல்லட்டும். அதற்கடுத்து அந்தப் பாட்டி. பங்குத்தந்தை அடுத்த முறை பூசைக்கு வரும்போது, மறையுரைக்கு முன் இவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்ளட்டும்.