பாடம் 9: கடுகு, மாவு, கூலி – இயேசு சொன்ன உவமைகள்

உவமை என்றால் என்ன?

‘முத்துப் போன்ற பல்’ என்று சொல்கிறோம். பல் முத்து இல்லை. ஆனால் முத்தைப் பார்த்த ஒருவருக்கு, அந்தப் பல் எப்படி இருக்கும் என்று உடனே புரிந்துவிடும். தெரிந்த ஒன்றைக் காட்டி, தெரியாத ஒன்றைப் புரியவைப்பதுதான் உவமை. ‘போல’, ‘போன்ற’ ஆகிய சொற்களை உவம உருபுகள் என்கிறோம்.

சில விஷயங்களுக்கு ஒரு சொல் போதாது. ஒரு கதையே வேண்டும். இயேசு அப்படிக் கதையாகவே பல உவமைகளைச் சொன்னார். அவற்றை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோரின் பெயரில் உள்ள நற்செய்தி நூல்களில் படிக்கலாம். உங்களில் சிலர் இவற்றைத் தேவாலயத்தில் கேட்டிருப்பீர்கள். சிலருக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் இந்தப் பாடத்தில் யோசிக்க வேலை இருக்கிறது!

யாரிடம் சொன்னார்?

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு இயேசு கலிலேயா என்ற பகுதியில் வாழ்ந்தார். இன்று அது இஸ்ரேல் நாட்டின் வடக்கே இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஏரி உண்டு. ஏரியில் மீன் பிடிப்பவர்களும், வயலில் வேலை செய்பவர்களும், அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களும் அவர் பேச்சைக் கேட்க வந்தார்கள். ஒருமுறை கூட்டம் மிகவும் அதிகமாகிவிட்டது. அதனால் அவர் ஒரு படகில் ஏறி உட்கார்ந்து, கரையில் நின்றவர்களுக்குக் கதை சொன்னார்.

அந்த மக்கள் ரோமப் பேரரசின் கீழ் இருந்தார்கள். வரி அதிகம். “கடவுளே ஒருநாள் நம்மை ஆள வருவார். அப்போ இந்த ரோமர்கள் ஓடிப் போவாங்க” என்று பலர் காத்திருந்தார்கள். பெரிய படை வரும், ஒரு பெரிய ராஜா வருவார் என்று நினைத்தார்கள்.

இயேசுவும் கடவுளின் ஆட்சியைப் பற்றித்தான் பேசினார். ஆனால் இந்தப் பாடத்தில் வரும் கதைகளில் படை இல்லை, குதிரை இல்லை, வாளும் இல்லை. கடுகும் மாவும் கூலி ஆட்களும்தான் வந்தார்கள். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்கும்!

ராஜ்யமா, ஆட்சியா?

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் தரங்கம்பாடியில் அச்சாகி, 1715-ல் முழுமையாக வெளிவந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த சீகன்பால்கு அதை மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகு பல மொழிபெயர்ப்புகள் வந்துள்ளன. பல வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் பைபிளில் ‘தேவனுடைய ராஜ்யம்’, ‘பரலோகராஜ்யம்’ என்று இருக்கும். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘இறையாட்சி’, ‘விண்ணரசு’ என்று இருக்கும்.

‘ராஜ்யம்’ என்றதும் நமக்கு ஒரு நாடும் அதன் எல்லையும் நினைவுக்கு வரும். ‘ஆட்சி’ என்றால் அது ஓர் இடம் இல்லை, ஒரு செயல். ‘அது எங்கே இருக்கு?’ என்று கேட்பதைவிட, ‘கடவுள் ஆண்டால் எல்லாம் எப்படி நடக்கும்?’ என்று கேட்பது நல்லது. அந்தக் கேள்வியோடு இந்தக் கதைகளைப் படித்துப் பாருங்கள்.

1. கடுகு

ஒருவர் தன் நிலத்தில் ஒரு கடுகு விதையைப் போட்டார். அது மிகச் சிறிய விதை. ஆனால் வளர்ந்ததும் மற்றச் செடிகளைவிடப் பெரிதானது. பறவைகள் வந்து அதன் கிளைகளில் தங்கின.

அம்மா தாளிக்க எடுக்கும் கடுகைக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு கடுகின் அகலம் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். அந்தப் பகுதியில் வளரும் கருங்கடுகுச் செடி ஓர் ஆளைவிட உயரமாக வளரக்கூடியது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த மக்களின் பழைய வேதத்தில், எசேக்கியேல் என்ற இறைவாக்கினர் உயரமான கேதுரு மரத்தைப் பற்றிப் பேசியிருந்தார். அதன் கிளைகளிலும் பறவைகள் தங்கும். கேதுரு லெபனான் மலைகளில் வளரும் கம்பீரமான மரம். கேட்டவர்கள் அதையே எதிர்பார்த்திருக்கலாம். இயேசுவோ, தோட்டத்துக் கடுகுச் செடியைக் காட்டினார். கடவுளின் ஆட்சி சின்னதாகத் தொடங்கும். யாரும் கவனிக்காமல் வளரும். ஆனால் பிறருக்கு இடம் கொடுக்கும்.

‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்று நம்ம பாட்டி தாத்தாவும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றா? இல்லை. நம் பழமொழி கடுகின் காரத்தைப் பார்க்கிறது. இயேசுவின் உவமை அதன் வளர்ச்சியைப் பார்க்கிறது.

2. புளித்த மாவு

ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை எடுத்து, மூன்று பெரிய அளவு மாவுக்குள் வைத்துப் பிசைந்தாள். எல்லா மாவும் புளித்துப் பொங்கியது.

அந்தக் காலத்தில் கடையில் ஈஸ்ட் கிடைக்காது. நேற்றைய மாவில் ஒரு கட்டியை எடுத்து வைத்து, இன்றைய மாவில் கலப்பார்கள். வீட்டில் இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதைப் பார்த்திருக்கீங்களா? யாரும் கிண்டவில்லை, சத்தமும் இல்லை. காலையில் பார்த்தால் பாத்திரம் நிறைந்திருக்கும். இதுவும் அப்படித்தான்.

அந்த மூன்று அளவு மாவில் ரொட்டி சுட்டால் ஏறக்குறைய நூறு பேர் சாப்பிடலாம். ஒரு வீட்டுக்கு அவ்வளவு மாவு எதற்கு? கதை கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ‘இது ஒரு வீட்டுக்கான சாப்பாடு இல்லை, பெரிய விருந்து!’ என்பதும் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

3. தோட்டத்துக் கூலி

இந்தக் கதைக்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது. பேதுரு என்ற சீடர் இயேசுவிடம், “நாங்க எல்லாத்தையும் விட்டுட்டு உங்க பின்னால வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்ற பொருளில் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும்போதுதான் இயேசு இந்தக் கதையைச் சொன்னார்.

ஒரு திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைக்குப் போனார். சில ஆட்களைக் கூப்பிட்டார். ‘ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம்’ என்று பேசி முடித்தார். தெனாரியம் என்பது ரோம வெள்ளிக் காசு. ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி அதுதான்.

காலை 9 மணிக்கும், நண்பகல் 12 மணிக்கும், பிற்பகல் 3 மணிக்கும் அவர் மறுபடி போய் இன்னும் சிலரை அழைத்தார். மாலை 5 மணிக்குப் போனபோதும் சிலர் அங்கே நின்றார்கள்.

“ஏன் நாள் முழுக்க இங்கே சும்மா நிக்கறீங்க?”

“எங்கள யாரும் வேலைக்குக் கூப்பிடலையே, ஐயா.”

“சரி, நீங்களும் என் தோட்டத்துக்கு வாங்க.”

பொழுது சாய்ந்தது. கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு தெனாரியம்! காலையில் வந்தவர்கள், ‘அப்படின்னா நமக்கு நிறையக் கிடைக்கும்’ என்று நினைத்தார்கள். அவர்களுக்கும் ஒரு தெனாரியம்தான் கிடைத்தது.

“இவங்க ஒரு மணி நேரந்தான் வேலை செஞ்சாங்க. நாங்க காலையில இருந்து வெயில்ல காய்ஞ்சோம். எல்லாருக்கும் ஒரே கூலியா, ஐயா?”

“தம்பி, உனக்கு நான் ஒண்ணும் குறைக்கலையே! பேசினபடிதானே கொடுத்தேன்? இவருக்கும் அதே மாதிரி கொடுக்க நான் ஆசைப்படறேன். அது உனக்கு ஏன் கசக்குது?”

கதை இங்கேயே முடிகிறது. அந்தத் தம்பி என்ன பதில் சொன்னார் என்று நமக்குத் தெரியாது.

இது நியாயமா? உங்களுக்குக் கோபம் வந்தால், கதையை நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள்! அதிக நேரம் வேலை செய்தவருக்கு அதிகக் கூலி வேண்டும் என்பது தவறான எண்ணம் இல்லை. ஆனால் 5 மணி வரை நின்றவரையும் பாருங்கள். அவர் சோம்பேறி என்று கதை சொல்லவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு, கூலி இல்லாத நாளில் சோறும் இல்லை. ஒரு தெனாரியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால், அவர் பிள்ளைகள் அன்று ராத்திரி என்ன சாப்பிடுவார்கள்?

காலையில் வந்தவர், ‘யார் எவ்வளவு நேரம் உழைத்தார்?’ என்று கணக்குப் பார்த்தார். தோட்டக்காரர், ‘இன்று யாருக்கு என்ன தேவை?’ என்றும் பார்த்தார். கடவுளின் ஆட்சியில் இந்த இரண்டாவது கேள்வியும் உண்டு என்று கதை காட்டுகிறது. ‘எங்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்ட பேதுருவுக்கு இது எளிதான பதிலாக இருந்திருக்காது.

உவமையைப் படிக்கும் முறை

• முதலில் கதையைக் கதையாகவே கேளுங்கள்.
• ‘இது வழக்கத்துக்கு மாறாக இருக்கே!’ என்று தோன்றும் இடத்தைத் தேடுங்கள். நூறு பேருக்கான மாவு, ஒரே கூலி – அங்கேதான் பெரும்பாலும் பொருள் இருக்கும்.
• கதையில் நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

சொற்பொருள்

ஆட்சி – ஆளுதல்
கூலி – வேலைக்குக் கொடுக்கும் பணம்
அன்றாடம் – ஒவ்வொரு நாளும்
பொழுது சாய்தல் – மாலை ஆகுதல்
கம்பீரம் – பெருமிதமான தோற்றம்
சீடர் – ஒரு குருவிடம் கற்பவர்

பேச்சும் எழுத்தும்

செஞ்சாங்க – செய்தார்கள்
நிக்கறீங்க – நிற்கிறீர்கள்
கூப்பிடலையே – கூப்பிடவில்லையே
ஒண்ணும் – ஒன்றும்

கீழே உள்ளவற்றை எழுத்துத் தமிழில் மாற்றுக:
1. ஓடிப் போவாங்க 2. காய்ஞ்சோம் 3. ஏன் கசக்குது?

பேசுவோம், எழுதுவோம்

1. மக்கள் எப்படிப்பட்ட ஆட்சியை எதிர்பார்த்தார்கள்? இயேசு எதைக் காட்டினார்?
2. ‘ராஜ்யம்’, ‘ஆட்சி’ – இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
3. வகுப்பில் இரண்டு குழுவாகப் பிரிந்து பேசுங்கள்: ‘தோட்டக்காரர் செய்தது நியாயம்’, ‘நியாயம் இல்லை’.
4. காலையில் வந்த தொழிலாளி தோட்டக்காரருக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? ஐந்து வரி எழுதுங்கள். பேச்சுத் தமிழிலும் எழுதலாம்.
5. வீட்டில் பெரியவர்களிடம் ஒரு பழமொழி கேட்டு வாருங்கள். அது எதை எதோடு ஒப்பிடுகிறது என்று சொல்லுங்கள்.