பந்து வானில் நிற்கும் நேரம்



அமெரிக்கக் கால்பந்தில் புகழ் பெற்றோர் பெரும்பாலும் பந்தை எறிந்தவர்கள். அல்லது அதனை ஏந்தி ஓடியவர்கள். நான் இன்று சொல்லப் புகும் ஸ்டீவ் டாஸ்கர் இவ்விரண்டையும் அரிதாகவே செய்தவர். ஒரு போட்டியில் அவர் களத்தில் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்களே தேறும். ஆயினும் அவருடைய தொடக்க காலத்தை ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறேன். கணக்கேட்டில் இடம்பெறாத உழைப்பை யார் காண்பது என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது கூறிவிடுகிறேன். பெயர் கால்பந்து என்றிருப்பினும், காலுக்கு அதில் வேலை குறைவு. களம் 100 கஜ நீளம். பக்கத்திற்கு 11 பேர். பந்தைக் கைக்கொண்ட அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேறுதல் வேண்டும். தவறினால் பந்து நின்ற இடத்திலேயே எதிரியிடம் போய்விடும். ஆகவே மூன்று முயற்சிகள் வீணானபின், நான்காம் முறை பந்தைத் தொலைவாக உதைத்துவிடுவதே பெருவழக்கு. இவ்வுதைக்குப் 'பன்ட்' என்று பெயர்.

ஆட்டக்காரர்களை வரம்பின்றி மாற்றிக்கொள்ளலாம் என்னும் விதி தொழில்முறைக் கழகங்களிடையே 1950ஆம் ஆண்டில் நிலைபெற்றது. அதன்பின் தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு எனப் பிரிந்தனர். பந்தை உதைக்கும் வேளைகளுக்கென மூன்றாவதாக ஒரு குழுவும் உருவாயிற்று. அதனை 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்பர். நாம் தனிப்பணிக் குழு என்று சொல்லலாம். முதல்நிலை ஆட்டக்காரராக இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணை அது என்றே பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

அக்குழுவில் 'கன்னர்' என்று ஒருவர் உண்டு. பன்ட் உதைக்கப்படும்போது வரிசையின் இரு கோடிகளிலும் ஆளுக்கொரு பக்கமாக இருவர் நிற்பர். பந்து உதைக்கப்படுமுன்பே எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடும் உரிமை அவ்விருவருக்கு மட்டுமே உண்டு. நன்கு உதைத்த பந்து வானில் நிற்பது ஏறத்தாழ நாலரை வினாடி. அதற்குள் கன்னர் 40 கஜம் ஓடவேண்டும். ஓடுவதோடு முடிந்துவிடுமா? அவரைத் தள்ளவும் மறிக்கவும் எதிரில் ஒருவரோ இருவரோ காத்திருப்பர். அவர்களை விலக்கி, வேகம் குறையாமல் சென்று, பந்தைப் பிடித்தவனை அவன் ஓடத் தொடங்குமுன் கீழே வீழ்த்துவதே அவர் கடமை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கன்னர் மிக விரைவில் வந்துவிட்டால், பந்தைப் பிடிப்பவன் கையை உயர்த்தி அசைத்து, 'நான் ஓடப்போவதில்லை' என்று அறிவித்துவிடுவான். அப்போது அவனைத் தொடலாகாது. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். வீழ்த்துதல் இல்லை, கைதட்டல் இல்லை, கன்னரின் பெயர் கணக்கேட்டில் ஏறுவதுமில்லை. ஒன்றும் நிகழாமற் செய்வதே அவருடைய முழு வெற்றி. எண்ணிக்கையைக் கொண்டு ஆளை அளப்பவர்க்கு இத்தகையவர் எவ்வாறு புலப்படுவார்?

டாஸ்கர் 1962இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். மேற்குக் கன்சாஸில் லியோட்டி என்னும் சிற்றூரில் வளர்ந்தார். டாட்ஜ் சிட்டியில் ஒரு சிறு கல்லூரியில் பயின்று, பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். கல்வியில் உயர்ந்த அப்பல்கலைக்கழகம் ஆட்டத்தில் 1982 வரை தொடர்ந்து 34 போட்டிகளில் தோற்றிருந்தது! உயரம் 5 அடி 9 அங்குலம். எடை 180 இராத்தலுக்குச் சற்று மிகுதி. இவ்வாட்டத்தில் இவ்வுடலைச் சிறிதென்றே சொல்வர். 1985இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் கழகம் அவரை ஒன்பதாம் சுற்றில், 226ஆம் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. உதைத்த பந்தை ஏந்தி ஓடும் வேலை அங்கே கிடைத்தது. ஆனால் முழங்காற் காயம் குறுக்கிட்டது. 1986 நவம்பரில் ஹூஸ்டன் கழகம் அவர் பெயரை 'வேய்வர்' பட்டியலில் இட்டது. கழகம் கைவிடத் துணிந்தவர்களின் பட்டியல் அது. வேறு கழகம் ஏதேனும் கேட்டால் ஆட்டக்காரர் அங்கே போய்ச் சேரவேண்டியதுதான். எவரும் கேளாவிடின் அவர் ஆட்டவாழ்வே ஐயத்திற்குரியதாகிவிடும்.

அதே மாதத் தொடக்கத்தில் பஃபலோ பில்ஸ் கழகத்திற்குத் தலைமைப் பயிற்சியாளராக மார்வ் லெவி வந்தார். ஹார்வர்டில் ஆங்கில வரலாறு பயின்று முதுகலைப் பட்டம் பெற்றவர் இவர். 1969இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கழகம் உதைக் குழுவுக்கென்றே ஒரு பயிற்சியாளரை அமர்த்தியது. அப்பதவி மிக அரிதாக இருந்த அந்நாளில் அதில் அமர்ந்தவர் லெவி. பல்லாண்டு அப்பணியைக் கண்ணால் அளந்து பழகியவர். பஃபலோவோ, 1984, 1985 ஆகிய இரு ஆண்டுகளிலும் 16 போட்டிகளில் இரண்டே வென்ற கழகம். பட்டியலில் ஆள் கேட்பதில் பின்தங்கிய கழகத்திற்கே முன்னுரிமை. தோல்வியும் ஒரு வகையில் உதவிற்று! பதவியேற்ற சில நாள்களிலேயே லெவி டாஸ்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேறொரு பயிற்சியாளர் அவ்விடத்தில் இருந்திருந்தால் அப்பெயரைக் கண்டும் காணாமற் போயிருப்பார் என்பதே என் எண்ணம்.

அடுத்த ஆண்டே, அதாவது 1987ஆம் ஆண்டுப் பருவத்தில், சிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் 'ப்ரோ போல்' போட்டிக்கு டாஸ்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் 1990 முதல் 1995 வரை ஆண்டுதோறும் அப்பெருமை அவருக்குக் கிட்டியது. எதிரணிகள் அவர் ஒருவரை மறிக்க இருவரை நிறுத்தலாயின. இது எதிரியே எழுதித் தரும் நற்சான்று அன்றோ!

1993 பிப்ரவரியில் ஹானலூலுவில் நடந்த ப்ரோ போல் ஆட்டத்தில் அவர் எதிரணி கோலுக்கு உதைத்த பந்து ஒன்றைத் தடுத்தார். ஒருவர் கைப்பந்தைத் தவறவிடச் செய்தார். ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் என்னும் பட்டம் அவருக்கே வழங்கப்பட்டது. அதற்கு முன்னும் உதைக் குழுவின் பணிக்காக அப்பட்டம் வழங்கப்பட்டதுண்டு. 1974இல் பந்தை உதைத்தவருக்கு, 1976இல் உதைத்த பந்தை ஏந்தி ஓடியவருக்கு. துரத்திச் சென்றவர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.