படுத்துவிட்ட பெட்ரோல் முள்

"பெட்ரோல் முள் எழும்பவே மாட்டேங்குது, புது மீட்டர் எங்க கிடைக்கும்?" என்று பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர் கேட்டால், தூத்துக்குடியில் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எர்த் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

இந்த ஊரில் ஒரு பக்கம் வ.உ.சி. துறைமுகம், மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை உப்பளம். உப்பு ஈரம் ஏறிய காற்றில் செம்பு முனைகள் பச்சைக் களிம்பு பூக்கும், இரும்பு துருவேறும். பெட்ரோல் மீட்டருக்கு இதுதான் எமன். டேங்க்குக்குள் ஒரு மிதவை. அதன் கை மின்தடைக் கம்பிமேல் நகரும். மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் அந்தத் தடை வழியாக வண்டியின் உடம்பில் (அதுதான் எர்த்) இறங்கி பேட்டரிக்குத் திரும்பும். வழியில் ஓர் இணைப்பு துருப்பிடித்தாலும் தடை கூடும். முள் பொய் சொல்லும்.

சோதிப்பது எளிது. டேங்க்கிலிருந்து வரும் வயரை மீட்டர் பக்கத்தில் கழற்றுங்கள். (டேங்க் பக்கத்தில் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி, ஒரு பொறி போதும்.) சாவியைப் போட்டு, மீட்டரின் அந்த முனையை எர்த்தில் சில நொடிகள் தொடுங்கள். சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை வகை என்றால் முள் மெதுவாக நிறைவை நோக்கி ஏறும். அதற்கும் முந்தைய இரட்டைச் சுருள் வகையில் எல்லாம் தலைகீழ்: எர்த்தில் தொட்டால் காலி, விட்டால் நிறைவு. முள் இப்படி நகர்ந்தால் மீட்டர் நலம். இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உப்பு தின்றதைத் தேய்க்க உப்புத்தாள்! பெயர் வைத்தவர் நம்மூர்க்காரரோ என்னவோ.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே பிசகினால், சுமார் 10 வோல்ட்டாக மட்டுப்படுத்தித் தரும் ஸ்டெபிலைசரைச் சந்தேகியுங்கள். அதற்கும் எர்த் வேண்டும்.

மீட்டரே போயிருந்தால்தான் மாற்றும் பேச்சு. மீட்டரும் டேங்க் யூனிட்டும் ஜோடி. வேறு வண்டி மீட்டர் பொருந்தி உட்காரும், கணக்கு ஒத்துவராது. முதலில் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு வயரிலும் அடையாளம் கட்டுங்கள்.

சில பழைய வண்டிகளின் ஆயில் அழுத்த மீட்டரிலோ மின்சாரமே கிடையாது. பிரெஞ்சுக்காரர் யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அது. உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், முள்ளை இழுக்கும். ஓடும் இன்ஜினில் 50 பவுண்டு காட்டினால், அது கடலில் சுமார் 35 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம். 1961 வரை இங்கே முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கி இறங்கிய முத்துச்சிப்பிப் பார்கள்கூட அத்தனை ஆழமில்லை. இன்ஜின் ஆறாமல் மீட்டருக்கு எண்ணெய் வரும் குழாயைக் கழற்றினால் சுடு எண்ணெய் கையில்தான்.

புது பெட்ரோல் மீட்டர் மாட்டியதும் முனைகளில் வாஸ்லின் பூசுங்கள். பிறகு ஐந்தைந்து லிட்டராகப் பெட்ரோல் ஊற்றி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசிடரின் 'கால்' உண்மையில் எத்தனை லிட்டர் என்பது அப்போதுதான் தெரியும்.