புதருக்குள் யாரை அனுப்புவது: டெரியரா, ஹவுண்டா?

"வேட்டை நாய்" என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கன்னியும் சிப்பிப்பாறையும்தான். ஒல்லி உடம்பு, நீளக் கால், முயல் கண்ணில் பட்டால் அம்பு மாதிரி பாய்ச்சல். இவை கண்ணால் பார்த்துத் துரத்துகிற வகை. இரை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் இவற்றின் ராஜ்ஜியம். அதே முயல் ஒரு கருவேலம் புதருக்குள் புகுந்துவிட்டால்? வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. யாராவது உள்ளே போய் அதை வெளியே கலைத்து விட வேண்டும்.

இந்தக் "கலைக்கிற" வேலைக்காகவே பிரிட்டனில் பல நூறு வருஷங்களாக இரண்டு வகை நாய்களை வளர்த்து வந்திருக்கிறார்கள். ஒன்று டெரியர். இன்னொன்று மோப்பம் பிடித்துத் துரத்துகிற ஹவுண்ட். கேள்வி ஒன்றுதான்: ஒளிந்திருக்கும் நரியை எப்படி வெளியே கொண்டு வருவது? அதற்கு வந்த இரண்டு டிசைன்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். எது எங்கே ஜெயிக்கும், ஏன் ஜெயிக்கும் என்று பார்க்கலாம்.

முதலிலேயே ஒரு விஷயம்: இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயலோ நரியோ எதையும் நாய் விட்டு வேட்டையாடுவது குற்றம். அதனால இது "எப்படிச் செய்வது" கட்டுரை இல்லீங்க. ஒரு நாயின் உடம்பும் குணமும் அதன் வேலையால் எப்படி உருவாகிறது என்பதுதான் விஷயம்.

ஹவுண்ட்: பல மூக்கு, ஒரே தேடல்

ஆங்கில ஃபாக்ஸ்ஹவுண்ட் சுமார் 2 அடி உயரம், 30 கிலோவை ஒட்டிய எடை. அதன் சின்ன வடிவம் மாதிரி இருக்கும் பீகிள் 33 முதல் 40 சென்டிமீட்டர் உயரம்தான். உயரம் எதுவானாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்: கூட்டமாகப் போவது. இவர்கள் நாய்களை ஜோடி ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். 20 நாய் என்று சொல்ல மாட்டார்கள், 10 ஜோடி என்பார்கள்.

ஏன் கூட்டம்? மோப்பம் என்பது தரையில் சாக்பீஸால் போட்ட கோடு கிடையாது. காற்று அடித்தால் நகரும், வெயில் காய்ந்தால் மங்கும், ஈரம் இருந்தால் தங்கும். நரி போன பாதை நடுநடுவே அறுந்து அறுந்துதான் கிடைக்கும். ஒரே ஒரு மூக்கு அந்த இழையைத் தவறவிட்டால் திரும்பக் கண்டுபிடிக்க நேரமாகும். 20 மூக்குகள் பரவித் தேடினால் யாராவது ஒருத்தருக்குச் சிக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இதை பேரலல் சர்ச் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கண்டுபிடித்த நாய் மற்றவர்களுக்குச் சொன்னால்தானே பிரயோஜனம்? அதனால்தான் குரல். மோப்பம் கிடைத்ததும் ஹவுண்ட் நீளமாக ஓலமிடும். அதைக் கேட்டு மற்றவை வந்து சேர்ந்துகொள்ளும். மனிதர்களுக்கும் அந்தக் குரல்தான் வழிகாட்டி. பத்தடி தூரம்கூடத் தெரியாத அடர்ந்த காட்டில் நரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காதாலேயே கணக்குப் போடுவார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. மோப்பம் இல்லாமலே சும்மா கத்துகிற நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூட்டத்தில் இடம் கிடையாது. ஒரு பொய் அலாரம் மொத்தக் கூட்டத்தையும் தப்பான திசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆக, பல தலைமுறைத் தேர்வில் மூக்கின் கூர்மை மட்டுமல்ல, "உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பேசு" என்கிற நேர்மையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டது.

வேகம் எப்போது வந்தது? 18-ம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷையர் பகுதியில் ஹியூகோ மெய்னெல் என்பவர் குவார்ன் வேட்டைக் குழுவை நடத்தியபோது, குதிரையில் பாய்ந்து போகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி வேகமான ஃபாக்ஸ்ஹவுண்டுகளை வளர்த்தார். அது திறந்த புல்வெளிக்கான தேவை. புதருக்கு மட்டும் என்றால் நீளக் கால் தேவையே இல்லை. பிரான்சின் வாண்டே பகுதியில் முள்புதரிலிருந்து முயலைக் கலைக்க வளர்த்த பெத்தி பாஸே க்ரிஃபான் வாண்டேயன் என்ற ஹவுண்டைப் பாருங்கள் (பேரைச் சொல்லி முடிப்பதற்குள் முயலே ஓடிவிடும்): குட்டைக் கால், முள் தைக்காத சொரசொரப்பான ரோமம், ஆனால் மூக்கும் குரலும் அசல் ஹவுண்டுடையது.

நம்ம ஊருக்கும் ஃபாக்ஸ்ஹவுண்ட் வந்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஊட்டியில் வேட்டைக் குழு அமைத்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஹவுண்டுகளை ஓட விட்டார்கள். அவர்கள் ஊர் செந்நரி இங்கே இல்லாததால் துரத்தப்பட்டது நம்ம குள்ளநரி.

டெரியர்: ஒரு மார்பளவின் கதை

டெரியர் என்ற பேரிலேயே வேலை இருக்கிறது. லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். மண்ணுக்குள் போகிற நாய். 1570-ல் ஜான் கயஸ் என்ற மருத்துவர் ஆங்கில நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலிலேயே, நரியையும் பேட்ஜரையும் தேடி வளைக்குள் நுழைகிற நாயாக டெரியர் வந்துவிட்டது.

இங்கே முதல் நிபந்தனை அளவு. நரி நுழைகிற வளையில் நாயும் நுழைய வேண்டும், நுழைந்தால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். அதில் தலையைவிட மார்புதான் பிரச்சினை. அதனால்தான் இன்றைக்கும் பார்சன் ரஸல் டெரியரைக் கண்காட்சியில் மதிப்பிடும்போது நடுவர் முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். சராசரிக் கை உள்ளவரின் விரல்கள் தொட்டுக்கொள்ள வேண்டும். தொடவில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தாலும், இது வளைக்குள் போகிற நாய் இல்லை.

இரண்டாவது நிபந்தனை இதற்கு நேர் எதிர். பார்டர் டெரியர் 5 முதல் 7 கிலோ எடையுள்ள சின்ன நாய். ஆனால் வேட்டை நாளில் குதிரைகளுக்குப் பின்னாலேயே மைல்கணக்கில் ஓடி வரவும் வேண்டும். வளைக்குக் குட்டை வேண்டும், ஓட்டத்துக்குக் கால் வேண்டும். இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் கிடைத்த விடைதான் அந்த உடம்பு.

ஜாக் ரஸல் என்ற பேர் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஜான் ரஸல் (1795–1883) டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார் என்றும், அதிலிருந்துதான் அவருடைய டெரியர் வம்சம் தொடங்கியது என்றும் சொல்வார்கள். உடம்பு பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மண் பூசிக்கொண்டு வெளியே வருகிற பழுப்பு நிற நாயை நரி என்று நினைத்து ஹவுண்டுகள் பாய்ந்துவிடக் கூடாது.

நல்ல டெரியர் என்றால் நரியைக் கடித்துக் கொல்வது என்று நினைப்போம். வளைக்குள் நல்ல டெரியர் நரியைத் தொடவே தொடாது. எதிரே நின்று விடாமல் குரைக்கும், நெருங்கும், விலகும். தொல்லை தாங்காமல் நரி இன்னொரு வாசல் வழியாக வெளியேறும். வேலை முடிந்தது. சண்டை போடுகிற டெரியர் முகமெல்லாம் கடி வாங்கும், நரியும் மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. தைரியம் வேண்டும், ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். ரொம்பக் கஷ்டமான காம்பினேஷன்.

ஆபத்தும் நிறைய. மண் சரியலாம். ஏரிகள் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியில் நரிகள் பாறைக் குவியல்களுக்குள் ஒளியும். அங்கே நாய் இடுக்கில் சிக்கினால் பாறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் மீட்க வேண்டும். முன்பெல்லாம் தரையில் காதை வைத்துக் கேட்டுத்தான் நாய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இப்போது கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், மேலே நிற்பவர் கையில் ரிசீவர். சிக்னல் எங்கே உச்சமோ அங்கே நேராகத் தோண்டுவார்கள்.

ஒரு ஏக்கர், ஒரு எலி

இரண்டு வகையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் நாய்களின் நடத்தையை 13 வருஷம் ஆராய்ந்தார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு எலியை விட்டு, எந்த இனம் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். பீகிள்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபாக்ஸ் டெரியர்களுக்கு 15 நிமிஷம். ஸ்காட்டிஷ் டெரியர்கள் கண்டுபிடிக்கவே இல்லை.

அப்போ டெரியர் மட்டமா? இல்லை. வளைக்குள் போகிற நாய்க்கு நரி எங்கே என்ற கேள்வி ஏற்கெனவே பாதி தீர்ந்துவிட்டது. அதற்கு விசாலமான தேடல் தேவைப்படவில்லை, கிட்டத்தில் நின்று விடாப்பிடியாக இருப்பதுதான் தேவை.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பீகிள் குட்டிகள் ஒன்றாகச் சமாதானமாக வளர்ந்தன. ஃபாக்ஸ் டெரியர் குட்டிகளோ சில வாரங்களிலேயே ஒன்றைக் குறிவைத்து மற்றவை சேர்ந்து தாக்க ஆரம்பித்தன. மூன்றுக்கு மேல் ஒன்றாக வைப்பதே பாடாக இருந்தது. கூட்டமாக வேலை செய்யத் தேர்ந்தெடுத்த நாய்க்கும், இருட்டில் தனியாக எதிரியைச் சந்திக்கத் தேர்ந்தெடுத்த நாய்க்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு மாசக் குட்டியிலேயே தெரிந்துவிடுகிறது.

எந்த மறைவிடத்துக்கு எது?

சின்னப் புதர், வேலியோர முள்கொடி என்றால் ஒன்றிரண்டு டெரியர் போதும். பெரிய நாய் தயங்கும் இடத்தில் கீழே நுழைந்து போய்விடும். ஆனால் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே சொன்ன பேச்சைக் கேட்டு வேலை செய்ய வேண்டும் என்றால் ஸ்பேனியல்தான் இரண்டையும்விட நல்லது. டெரியர் கொஞ்சம் 'என் இஷ்டம்' பார்ட்டி.

பரந்த காடு என்றால் கதை மாறும். ஸ்காட்லாந்தில் நெருக்கமாக நட்டிருக்கும் ஸ்ப்ரூஸ் மரத் தோட்டங்களில் ஒற்றை நாயை நரி சுலபமாகச் சுற்றிப் போய்விடும். அங்கே பரவித் தேடும் ஹவுண்ட் கூட்டம்தான் சரி. சத்தம் தூரத்திலேயே கேட்பதால் நரியும் முன்கூட்டியே கிளம்பி ஓரத்துக்கு வரும்.

மண்ணுக்கு அடியில் என்றால் டெரியர் மட்டும்தான். ஹவுண்ட் வளை வாசலில் நின்று கத்தி இடத்தைக் காட்டும், அதோடு சரி. பழைய வேட்டைக் குழுக்கள் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்ததற்கு இதுதான் காரணம்.

எண்ணிக்கைக்கு வந்த சட்டம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று அமலுக்கு வந்தது. நரியைக் கூட்டமாகத் துரத்திக் கொல்வது தடை. குறிப்பிட்ட காரணங்களுக்காகக் கலைக்கலாம், ஆனால் இரண்டு நாய்க்கு மேல் கூடாது, வெளியே வந்ததை உடனே சுட்டுவிட வேண்டும். மண்ணுக்குள் ஒரே ஒரு நாய், அதுவும் வேட்டைப் பறவைகளைப் பாதுகாக்க மட்டும்.

ஸ்காட்லாந்தின் 2002 சட்டத்தில் கலைப்பதற்கு இந்த இரண்டு என்ற வரம்பு இல்லை. அதை ஆராய்ந்த நீதிபதி லார்ட் போனமி 2016-ல் இரண்டு விஷயம் சொன்னார். முழுக் கூட்டம் அளவுக்கு இரண்டு நாய்களால் திறமையாகக் கலைக்க முடியாது. அதே சமயம், கலைப்பது என்ற பேரில் சட்டத்துக்குப் புறம்பான வேட்டை நடக்கலாம் என்று சந்தேகிக்கவும் இடமிருக்கிறது. 2018-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையும் ஜோடியைவிடக் கூட்டமே நரியைக் கலைப்பதில் மேல் என்றது. ஆனாலும் 2023-ல் வந்த புதிய சட்டம் அங்கேயும் இரண்டு நாய் என்று வரம்பு போட்டது, அதற்கு மேல் வேண்டுமென்றால் உரிமம் வேண்டும்.

ஆட்டுக்குட்டியை நரியிடம் இழக்கும் விவசாயி, "தேடல் நீண்டால் நரிக்கும்தானே கூடுதல் அவதி" என்கிறார். விலங்கு நல ஆர்வலர், "20 நாய் நரியைக் கண்ட பிறகு துப்பாக்கிக்காரர் சுடும்வரை காத்திருக்குமா?" என்று கேட்கிறார். இரண்டு பேரும் சொல்வது ஹவுண்டின் உண்மையான குணத்தைத்தான். திறமையைக் கொடுக்கிற அதே கூட்டம்தான் கட்டுப்பாட்டையும் கடினமாக்குகிறது. எது முக்கியம் என்பதை மூக்கை அளந்து முடிவு செய்ய முடியாது. அது ஒரு சமூகம் எடுக்க வேண்டிய முடிவு.

இதே நாய்கள் நம்ம அபார்ட்மென்டில்

இன்றைக்குச் சென்னையிலும் கோவையிலும் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் பீகிள் இருக்கிறது, ஜாக் ரஸலும் இருக்கிறது. "ஓயாம ஊளையிடுது, பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளெயின்ட் பண்றார்", "பூந்தொட்டியெல்லாம் தோண்டிடுச்சு", "சங்கிலியைக் கழட்டினா கூப்பிட்டாலும் வராது" என்று சொல்லி ஒரு வருஷத்தில் நாயை யாருக்காவது தள்ளிவிடப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நாய் கெட்டுப்போகவில்லை. மோப்பம் கிடைத்தால் கத்து என்று வளர்க்கப்பட்ட நாய் கத்துகிறது. மண்ணைக் கண்டால் தோண்டு என்று வளர்க்கப்பட்டது தோண்டுகிறது. பீகிளைத் தனியே நாள் முழுக்கப் பூட்டி வைக்காதீர்கள், அது கூட்டத்து நாய். நடக்கக் கூட்டிப்போகும்போது சங்கிலியைக் கழட்டாமல், மோந்து பார்க்க நேரம் கொடுங்கள். தீனியை வீட்டில் அங்கங்கே ஒளித்து வைத்தால் அரை மணி நேரம் சந்தோஷமாகத் தேடும். ஜாக் ரஸலுக்கு ஒரு பெரிய தொட்டி நிறைய மணல் கொடுத்து, உள்ளே பொம்மையைப் புதைத்து வையுங்கள். முயலோ வெள்ளெலியோ வளர்க்கிற வீட்டுக்கு டெரியர் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரமும் இடமும் இல்லை என்றால், வாங்குவதற்கு முன்பே வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் அந்த நாய்க்கு நாம் செய்கிற நல்லது.