வாய்வுக் குளிசை வாங்குமுன் கேட்க வேண்டியவை

மூதூர்ப் பக்கத்து அல்லை வயல்களில் களை பிடுங்கப் போகும் பெண் விடியற்காலையில் ஒரு வெறுந்தேத்தண்ணியோடு வீட்டை விட்டு இறங்கினால், மத்தியானம் வரை தண்ணீர்ப் போத்தலைத் தொடுவது அருமை. தாகம் இல்லாமல் அல்ல. வெட்டவெளியில் ஒதுங்க மறைவிடம் இல்லை. குடிக்காவிட்டால் போகவும் தேவையில்லை என்பது அவள் போட்டு வைத்திருக்கும் கணக்கு. கடையில் வேலைக்கு நிற்கும் பிள்ளையும், மலசலகூடக் கதவு பூட்டாத பாடசாலையில் படிக்கும் பிள்ளையும் போடுவது இதே கணக்குத்தான். மூதூரிலோ தோப்பூரிலோ பாமசிக்கு வந்து "காஸ்ரிக்" என்று குளிசை கேட்கும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது, இன்றைக்கு எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தாய், கடைசியாக எப்போது மலம் கழித்தாய் என்பதைத்தான்.

பெருங்குடலின் வேலை கழிவிலிருந்து நீரை உறிஞ்சுவது. மலம் அங்கே தங்கத் தங்கக் காய்ந்து இறுகும். வரும்போது போகாமல் அடக்கிப் பழகியவருக்கு நாளடைவில் அந்த உணர்வே மந்தமாகிவிடும். பிறகு வயிறு ஊதும், பசி கெடும். ஆண்களைவிடப் பெண்களிடம் மலச்சிக்கல் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. எல்லாம் பழக்கத்தின் குற்றமல்ல. கர்ப்பத்தில் பெருகும் புரொஜெஸ்டரோன் குடல் தசையைத் தளர்த்தி அதன் நடையை மெதுவாக்கும். பெண்களிடம் அதிகம் காணும் தைரொயிட் குறைபாடும் அதையே செய்யும்.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் இறுக்கமானது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை சிலருக்கு மலத்தை இறுக்கும், பெரும்பாலானோருக்கு அதைக் கறுப்பாக்கும். கறுப்பைக் கண்டு பயந்தோ, வயிற்று நோவைத் தவிர்க்கவோ, குளிசையை யன்னலுக்கு வெளியே எறிகிறவர்கள் உண்டு. மருத்துவமாது வந்து கேட்டால் "குடிச்சன் மிஸ்" என்று பதில் வரும். இரத்தசோகையோடு பிள்ளைப்பேற்றுக்குப் போவது மலச்சிக்கலைவிடப் பல மடங்கு ஆபத்து. குளிசையால் வரும் கறுப்பு தீங்கற்றது. குளிசையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். தேத்தண்ணியும் கல்சியக் குளிசையும் அதோடு சேரக்கூடாது, இரண்டும் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். தேசிக்காய்த் தண்ணி சேர்ந்தால் நல்லது. அப்படியும் இறுகினால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், வேறு வகை தர வழியுண்டு. வயிறு கழுவ ஆமணக்கெண்ணெய் கொடுக்கும் பழைய வழக்கம் கர்ப்பிணிக்கு ஆகாது; அது கருப்பையைச் சுருங்க வைக்கலாம்.

பிள்ளை பெற்ற பின் பத்தியம் தொடங்கும். சரக்குக்கறியில் குறை சொல்ல எதுவுமில்லை, இஞ்சியும் மிளகும் உள்ளியும் உடம்புக்கு நல்லவைதான். ஆனால் சில வீடுகளில் "குளிர்ச்சி" என்று கீரையையும் பழத்தையும் விலக்கி, தண்ணீரையும் அளந்து கொடுப்பார்கள். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நீர் வேண்டிய நேரம் அது. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவளும் அடக்குவாள். மூலம் வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பத்தியம் வைக்கும் மாமியார் அந்தக் கறியோடு முருங்கையிலைச் சுண்டலும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தால், மருமகள் நன்றியோடு நினைப்பாள்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவித்த பயறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 15 கிராம் நார் இருக்கிறது. அதே கோப்பை வெள்ளைச் சோற்றில் 1 கிராம்கூடத் தேறாது. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், கௌபி, பொன்னாங்காணி, கொய்யா எல்லாம் இந்த மண்ணில் விளைபவை. ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில் சோறும் ஆணமும்தான் மிஞ்சும், கீரைச் சட்டி அதற்குள் காலியாகியிருக்கும். நாரை ஒரேநாளில் கூட்டினால் வாய்வு பெருகும். இரண்டு மூன்று கிழமையில் மெல்லக் கூட்டி, தண்ணீரையும் கூட்ட வேண்டும். மூதூர், கிண்ணியாவின் எருமைத் தயிர் குடலுக்கு நல்லது, ஆனால் அதில் நார் துளியும் கிடையாது. பாணி ஊற்றுவதும் மருந்தாகாது.

நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பங்கிட்டுக் குடிப்பது முக்கியம். ஈச்சம்பழமும் கஞ்சியும் போதும், றோல்ஸும் சமோசாவும் பிறகு வரட்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

இடுப்பு நோவுக்கு அடிக்கடி போடும் சில வகை நோக்குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணை மறைக்கக் காஸ்ரிக் குளிசை போடுவது தீர்வல்ல.

சில அறிகுறிகளை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது: மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், இரும்புக் குளிசை எடுக்காதபோதும் தார்போல் கறுத்த மலம், சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவின் கீழ் வரும் கடும் வலி. பித்தப்பைக் கல் பெண்களுக்கே அதிகம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்து கிழமைக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப் பொருமல் சூலகப் புற்றுநோயின் குறியாகவும் இருக்கலாம். நெஞ்செரிவோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அது இதயமாக இருக்கக்கூடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. மற்றவற்றுக்கு மூதூர் தள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாதியிடமோ மருத்துவமாதுவிடமோ சொல்லுங்கள்.