மகள் வீட்டில் வாடகை விருந்தினர்

பொத்துவிலுக்குத் தெற்கே, அறுகம் களப்பின் பாலத்தைக் கடந்ததும் உல்லை என்னும் கடற்கரைக் கிராமம் தோன்றும். வெளிநாட்டார் அதனை அறுகம் குடா என்றே அறிவர். கச்சான் காற்று வீசும் சித்திரை முதல் புரட்டாசி வரை அலைச்சறுக்கு விளையாட்டினர் அங்கே வந்து குவிகின்றனர். தென் சமுத்திரத்திலே பிறக்கும் அலைகள் நெடுந்தூரம் வந்து, கடல்முனையைச் சுற்றி வளைந்து, ஒழுங்காக உடைகின்றன. நிலத்திலிருந்து வீசும் கச்சான் அவ்வலையின் முகத்தைச் சீர்ப்படுத்துகின்றது. வாடை பிறந்ததும் மழையும் வரும், வந்தோரும் கலைந்துவிடுவர்.

வருவோர் எல்லோரும் பெருவிடுதிகளை நாடுவதில்லை. கிடுகு வேய்ந்த குடில்களிலும், குடும்பங்கள் வாழும் வீடுகளில் ஒதுக்கிய அறைகளிலும், மாடியில் அமைத்த தனி மனைகளிலும் வாரக்கணக்கிலே தங்குவோர் பலர். இலங்கையில் உல்லாசப் பயணச் சபை 1966இல் தோன்றியது. இன்று 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகாரசபை இப்பணியைச் செய்கின்றது. வாடகை வீடு, வாடகை மாடிமனை, குடும்பத்தோடு தங்கும் இல்லம் என்பன அதன் பதிவிலே தனித்தனி வகைகளாம். முற்பணம் கொடுக்குமுன் பதிவு உண்டா என விசாரிப்பது நன்று.

பதிவுப் பத்திரம் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. அவ்வீடு யாருடையது?

பிற ஊரார் வீட்டுத் தலைவருடையது என்று எளிதில் விடை கூறிவிடுவர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் இக்கரையிலே அவ்விடை பெரும்பாலும் பொருந்தாது. இங்கே முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு மகளுக்குரிய சீதனம். மணமகன்தான் மனைவியின் வீட்டிற்குக் குடிவருகின்றான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீட்டிற்கு மாறுவர். மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டவேண்டும். வயலும் கடலும் தரும் வருவாய் அதற்குப் போதாமையால் மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாய்ச் சென்று பொருளீட்டிய தாய்மாரும் சகோதரியரும் பலர். இவ்வழக்கம் பெண்ணுக்குக் கூரையைத் தருகின்றது. பெற்றோரின் ஆயுளையோ அரித்துவிடுகின்றது. இவ்விரண்டில் ஒன்றைமட்டும் பேசுவது நேர்மையாகாது.

நிலம் சுருங்கிய ஊர்களிலே மூத்தவள் வீட்டின்மேல் இளையவளுக்கென மாடி எழுப்புவதும் உண்டு. அம்மாடியோ அறையோ மணநாள் வரும்வரை விருந்தினருக்கு விடப்படுமாயின், அவர் கொடுக்கும் வாடகை அடுத்த சுவருக்கான சீமெந்தும் கம்பியுமாகும். வாசலில் நின்று விலை பேசுபவர் கணவராகவோ தந்தையாகவோ இருக்கலாம். உறுதியிலே இருப்பது பெண்ணின் பெயராயிருக்கும்.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையின்போது இலங்கையிலே உயிர்ச்சேதம் மிகுந்தது அம்பாறை மாவட்டத்தில்தான். வீடு அழிந்தபோது பல பெண்களுக்குச் சீதனமே அழிந்தது. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் குடியிருப்புக் கட்டலாகாது என விதி வந்தது. ஏற்கெனவே இருந்த உல்லாச விடுதிகளைத் திருத்த இடமளித்த அவ்விதி, மீனவர் வீட்டுக்கு இடமளிக்கவில்லை. அறுகம் குடாவில் எழுந்த இந்த மனக்கசப்பு, நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலிலும் இடம்பெற்றது. விதி பின்னர் தளர்த்தப்பட்டது. புதிய வீடு கிடைத்தபோதும் சிக்கல் தீரவில்லை. அரசாங்கப் படிவம் குடும்பத் தலைவரைக் கேட்டது. பல இடங்களிலே கணவன் பெயர் எழுதப்பட்டது. தாய்வழி வந்த உரிமை ஒரு கோட்டினால் கைமாறியது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே போன்றோர் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இத்தகைய வீட்டிலே தங்குபவர் சில நியதிகளை எதிர்கொள்வார். குளியலுடையோடு வளவுக்குள் நுழைதல், மதுப்போத்தல் கொணர்தல், கேளாமல் அடுப்படிப்பக்கம் செல்லுதல் ஆகியவை ஏற்கப்படமாட்டா. வெள்ளிக்கிழமை நண்பகலில் வீட்டு ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குச் சென்றிருப்பர். அவ்வேளை குழாய் பழுதென்று முறையிட்டாற் பயனில்லை. நோன்பு மாதத்திலே சமையல் நேரமே மாறிவிடும். ஆயினும் பணம் வாங்கியபின் இவற்றை ஒவ்வொன்றாய் வெளிப்படுத்தும் வீட்டாரும் குற்றமற்றவரல்லர். கதவருகே ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவு?

வீட்டார் எண்ணிப் பார்க்கவேண்டியது இன்னொன்று. பருவம் நல்லதாயிருக்கும்போது, வீட்டையும் வளவையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் குத்தகை கேட்டு வெளியூர் முதலாளிகள் வருவார்கள். ஒருங்கே கிடைக்கும் தொகை கண்ணைப் பறிக்கும். பத்தாண்டுக் குத்தகையில் உள்ள வீட்டிற்கு ஐந்தாம் ஆண்டிலே மாப்பிள்ளை குடிவர முடியாது. உரிமைக்காரியைக் கேளாமல் தகப்பனோ தமையனோ கையொப்பமிட்டால் வழக்கும் வரும். பருவக் கணக்கில் பேசி, மாரி பிறந்ததும் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் குடும்பத்திற்கு வருவாய் குறைவுதான். வீடு மட்டும் மகளுக்கு மிஞ்சும்.