தேவர் நகரில் ஒரு பகல்

உலகம் பாங்கொக் என்றழைக்கும் நகரை அந்நாட்டு மக்கள் 'குருங் தேப்' என்கின்றனர். தேவர் நகர் என்பது பொருள். அதுவும் சுருக்கப் பெயரே. முழுப் பெயரைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சுப் போதாது. இந்திரனும் விசுவகர்மாவும் அதனுள் இடம் பெற்றுள்ளனர். விமான நிலையத்தின் பெயரோ சுவர்ணபூமி. எழுத்தில் வடமொழி வடிவம் அப்படியே நிற்கிறது. நாவில் அது 'சுவன்னபூம்' ஆகிவிடுகிறது. நாம் இங்கே பாடசாலைக்குச் சூட்டும் 'மகா வித்தியாலயம்' அங்கே பல்கலைக்கழகத்தைக் குறிக்கும். இதைக் கேட்ட நம் மாணவர்கள் உடனே பதவி உயர்வு பெற்றவர்போல் மகிழ்ந்தனர்!

1753இல் உபாலி தேரர் கண்டிக்கு வந்தது சீயத்தின் பழைய தலைநகராகிய அயுத்தியாவிலிருந்து. 1767இல் பர்மியப் படை அந்நகரை அழித்தது. 1782இல் முதலாம் இராமர் எனப்படும் மன்னர் சாவோ பிராயா ஆற்றின் கீழ்க்கரையில் இன்றைய தலைநகரை நிறுவினார்.

கையில் ஒரே பகல்தான் உண்டெனில் ஆற்று வழியே செல்வது நலம். 1999 முதல் வீதிகளுக்கு மேலே தூண்கள்மீது ஓடிவரும் மின்சார ரயில், சபான் தக்சின் நிலையத்தில் நம்மை இறக்கிவிட்டது. அங்கிருந்து படகேறி அரண்மனைத் துறையை அடைந்தோம். தோளும் முழங்காலும் மறையும் உடை இன்றி உள்ளே விடமாட்டார்கள். வெயிலோ நம் மட்டக்களப்பு வெயிலுக்குத் தம்பியல்ல, தமையன்.

மரகதப் புத்தர் 66 சென்ரிமீற்றர் உயரமே உள்ள சிறு திருவுருவம். கோடை, மாரி, குளிர் என மூன்று பருவத்துக்கும் ஆடை மாற்றும் பணி மன்னருக்கு உரியது. ஆனால் நம்மைக் கட்டி நிறுத்தியவை அக்கோயிலைச் சூழ்ந்த பிராகாரச் சுவர்களே. 178 ஓவியங்களில் இராமகாதை முழுவதும் தீட்டப்பட்டுள்ளது. 'இராமகியன்' என்பது அதன் தாய்லாந்து வடிவம். இராவணன் அங்கே தசகண்டன். சீதை அவன் ஈன்ற மகள். அநுமன் பிரமசாரி அல்லன், காதல்கள் பல உடையவன். இலங்கையர் ஒருவர் அந்நியச் சுவரிலே தம் நாடு பொன்னும் வண்ணமுமாய்ப் போருக்கு நிற்பதைக் காண்பது ஒரு தனி அநுபவம். அங்கே ஒரு மணி நேரம் கழிந்ததே தெரியவில்லை.

ஆகவே 'வாட் போ' ஆலயத்தில் 46 மீற்றர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரை விரைவாகவே தரிசித்தோம். அக்கரையில், சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த அருணன் ஆலயத்தைத் தோணியில் சென்று கண்டு திரும்பினோம்.

பிற்பகலில் நகரின் நடுவே செந்நிறமாய் நிமிர்ந்து நிற்கும் பெரிய ஊஞ்சற் கம்பத்தை அடைந்தோம். பயணிகள் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு போய்விடும் இடம் இது. 1784இல் எழுந்த கம்பம் 1920இல் இவ்விடத்துக்கு மாற்றப்பட்டது. இன்றுள்ள தேக்கு மரங்கள் 2007இல் நாட்டப்பட்டவை. ஆண்டுதோறும் சிவபெருமான் பூவுலகுக்கு எழுந்தருளும் விழாவில் இளைஞர்கள் வானளாவ ஆடி, தூக்கிக் கட்டிய பணமுடிப்பைப் பல்லாற் கவ்வினர். விழுந்து மாண்டோரும் உண்டு. 1935க்குப் பின் ஊஞ்சல் ஆடவில்லை.

ஆயினும் விழா நிற்கவில்லை. அருகிலேயே சிவன், விநாயகர், திருமால் மூவர்க்கும் சந்நிதி உள்ள பிராமணர் கோயில் உண்டு. அரசவைப் பிராமணர் அங்கே நடத்தும் அவ்விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. திருவெம்பாவையே இவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். அங்கே ஓதப்படுபவற்றுள் தமிழ்ப் பதிகங்கள் உள்ளன என்பதும் ஆராய்ந்து காட்டப்பட்டது. ஓதுவோர்க்குத் தமிழ் தெரியாது. ஒலி மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு, ஆசானிடமிருந்து மாணவனுக்கு, நூற்றாண்டுகளாக வந்திருக்கிறது.

"பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன், ஐயா?" என்று உடன்வந்த மாணவர் ஒருவர் வினவினார்.

"மார்கழியில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க நீரும்தானே பாடிச் செல்கின்றீர், தம்பி? இருபது பாடலில் எத்தனைக்குப் பொருள் சொல்வீர்?" என்றோம்.

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்றுக்கு மேல் விரல் மடங்கவில்லை. "ஆனாலும் எனக்குத் தேடிப் படிக்க வழி உண்டு, ஐயா. அவர்களுக்கு?" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. கோயில் வாயிலில் சிறிது நேரம் பேசாது நின்றோம்.

பின்னர் சாம் யோட் நிலையத்துக்கு நடந்து, நிலத்தடி ரயிலில் சீலோம் வீதிக்கு வந்தோம். 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் அவ்வீதியில் உள்ளது. அந்திப் பூசை நேரம். தாய்லாந்துப் பெண்கள் மஞ்சள் மலர்மாலையும் தேங்காயும் ஏந்தி வரிசையில் நின்றனர். நம் மாணவரும் அவர்கள் பின்னே போய் நின்று, திருவெம்பாவையின் முதற்பாடலை மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.